பதம் சரிதான், மதினி

ஆவுடையம்மாளின் தலைக்குள் வைக்கப்போகிற வலைக்குழாய் பேசும் என்று டாக்டர் சொன்னபோது, செண்பகம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"எங்க மதினி பேசுதது பத்தாதுன்னு அது வேறயா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆவுடையம்மாளுக்கு ஒரு கண்ணின் இமை தொங்கிப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணாலேயே நாத்தனாரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். டாக்டர் ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேசைமேல் இருந்த திரையைத் திருப்பினார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் ஓரத்தில், கொடியில் தொங்கும் பிஞ்சு போல ஒரு புடைப்பு தெரிந்தது.

"சைக்கிள் டியூப் நைஞ்ச எடத்துல ஒரு பக்கமா புடைச்சுக்கிட்டு நிக்கும்ல? அந்த மாதிரிதான். வெடிச்சா ஆபத்து. முன்னாடியே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. தலைமுடியைவிட மெல்லிசான கம்பியில பின்னுன ஒரு குழாயை அந்த எடத்துல வெச்சிருவோம். ஸ்டென்ட்டுன்னு சொல்லுவாங்க. ரத்தம் புடைப்புக்குள்ள போய்ச் சுத்தாம நேரா ஓடிரும். உள்ள தேங்குனது உறைஞ்சு, ஒரு வருஷத்துல புடைப்பு தானா அடைபட்டுப் போகும்."

"மண்டையத் தொறப்பியளா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"இல்லம்மா. தொடையில சின்னதா ஒரு துளை. அது வழியாப் போயிருவோம்."

"தொடையிலருந்து மூளைக்கு ரோடு இருக்காக்கும்?"

"எல்லாருக்கும் இருக்கு."

"இவளுக்கு இருக்காது. போய்ச் சேருததுக்கு அங்க ஒண்ணும் கெடையாது" என்று ஆவுடையம்மாள் நாத்தனாரைக் காட்டினாள்.

டாக்டர் இந்த முறை சிரித்தே விட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு மற்றதைச் சொன்னார். ஸ்டென்ட் ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததுதான். புதிதாக அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். தலைக்குள் அழுத்தம் கூடினால் அது சொல்லும். கூட இருப்பவரின் கையில் கட்டியிருக்கும் வாட்ச் அதிரும். மஞ்சள் விளக்கு வந்தால் பேச்சைக் குறைத்து அவரை அமைதியாக வைக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும்.

"வாட்ச்சால கூடுதலா ஏதாவது நன்மை இருக்கான்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றோம். நாப்பது குடும்பம் சேர்ந்திருக்காங்க. விருப்பம் இருந்தா மட்டும் சேருங்க. இதைப் பூரா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்."

பதினெட்டுப் பக்கம் இருந்தது. செண்பகம் மூன்றாவது பக்கம் வரை வந்திருப்பாள். ஆவுடையம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"அஞ்சு மணி பஸ்ஸ விட்டா நின்னுக்கிட்டே போணும். போடுட்டி கையெழுத்த."

அவள் போட்டாள். மதினியும் போட்டாள்.

இவர்கள் இரண்டு பேரும் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருப்பவர்கள். ஆவுடையம்மாள் செண்பகத்தின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கும் எட்டு வருஷம் முன்னால், புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு செண்பகம் திரும்பி வந்து வாசலில் நின்றாள். ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று மதினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அடுப்புல பாகு கொதிக்கு. பெட்டிய அங்கிட்டு வச்சிட்டு வந்து பதம் பாரு" என்றாள். அன்றைக்குப் பதம் பார்க்க ஆரம்பித்தவள்தான்.

பாகு கிண்டுகிறவரால் பதம் பார்க்க முடியாது. அடுப்பின் இரைச்சலும் முகத்தில் அடிக்கும் ஆவியும் விடாது. இன்னொருத்தர் தள்ளி நின்று, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் போட வேண்டும். கூழாங்கல் விழுந்த மாதிரி டங் என்று கேட்டால் இறக்கலாம். தொப் என்று விழுந்தால் இன்னும் ஆகவில்லை. ஒரு நிமிஷம் முந்தினால் மிட்டாய் வேர்த்து ஒட்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் கசக்கும். ஆவுடையம்மாள் கிண்டுவாள், செண்பகம் தட்டில் போடுவாள். அந்தச் சத்தத்தை வைத்து இருபது வருஷமாக இருவரும் சண்டை போட்டார்கள்.

"காது அவிஞ்சா போச்சு? டங்குன்னு கேட்டுச்சே!"

"எனக்கு அவியல மதினி. ஒங்களுக்குத்தான் கை அவசரம். கிண்டுங்க."

"ஒங்க அண்ணன் என்னயக் கெட்டிட்டு வந்ததே ஒங்கிட்ட ஏச்சு வாங்கத்தான்."

"அவன் தப்பிச்சுட்டான். நான் மாட்டிக்கிட்டேன்."

மிட்டாய்த் தகட்டை வெட்டிப் போடும் கனியம்மா, இந்தச் சத்தம் கேட்காத நாளில் தனக்கு வேலையே ஓடாது என்பாள்.

பங்குனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இமை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார். செண்பகம் விடவில்லை. மாத்திரையைவிடப் பெரிய பத்தியம் அவள் இடது கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வாட்ச் முதல்முறை அதிர்ந்தது. மருந்துச் சீட்டு எங்கே என்று இருவரும் கத்திக்கொண்டிருந்த நேரம். மஞ்சள். செண்பகம் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். ஆவுடையம்மாள் இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டு, பதில் வராததால் படியில் கால் தவறினவளைப் போலத் தடுமாறி நின்றாள்.

அதற்குப் பிறகு வாட்ச்சுக்கு நேரம் காலம் கிடையாது. மொட்டைமாடியில் கடலை காயப்போட செண்பகம் படியேறிப் போவாள், மேலே போனதும் அதிரும். கீழே மதினிக்கு என்னவோ என்று ஓடி வருவாள். ஓட ஓட மஞ்சள் சிவப்பாகும். வந்து பார்த்தால் மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மத்தியானம் மதினி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இவள் திடீரென்று போய்விட்டால் என்ன ஆகும் என்று செண்பகம் நினைத்துப் பார்த்தாள். வாட்ச் துள்ளியது. உலுக்கி எழுப்பிவிட்டாள்.

"கெட்ட கனவா மதினி?"

"கனவுமில்ல ஒண்ணுமில்ல. நீதான் பேய் மாதிரி வந்து நிக்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்வார்கள். பத்து நிமிஷத்தில் பச்சை வந்துவிடும்.

செண்பகம் பேச்சை மாற்றிக்கொண்டாள். மதினி என்ன சொன்னாலும் ஆமாம். குழம்பில் உப்பு கூடியிருந்தால் நல்லா இருக்கு. கனியம்மாவிடமும் பால்காரரிடமும் பக்கத்து வீட்டு டீச்சரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தாள்: மதினியை எதிர்த்துப் பேசாதீர்கள், தலைக்குள் வலை இருக்கிறது. தெருவே ஆவுடையம்மாளிடம் பச்சைக்குழந்தையிடம் பேசுவது போலப் பேசியது.

"என்னடி இது, எல்லாரும் எனக்கு ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரி சிரிக்கியோ?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

தை மாதம் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் போட நானூறு பெட்டி கடலைமிட்டாய் கேட்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் பத்து மாதத்துக்குப் பிறகு துடுப்பைக் கையில் எடுத்தாள். டாக்டர் நிற்கலாம், வேலை செய்யலாம் என்று சொல்லியாகிவிட்டது. முகத்தில் ஆவி அடிக்க, நெற்றி வேர்க்க, பழைய ஆவுடையம்மாளாக நின்று கிண்டினாள்.

"பாருட்டி."

செண்பகம் சொட்டை எடுத்தாள். தண்ணீரில் விட்டாள், உருட்டினாள், தட்டில் போட்டாள்.

தொப்.

"என்ன சத்தம்?" என்றாள் மதினி. அவள் கண்ணில் அப்படி ஓர் ஆசை இருந்தது. பத்து மாதம் கழித்துத் தன் கை சரியாக நின்றிருக்கிறது என்று கேட்கிற ஆசை. செண்பகம் வாயைத் திறந்தாள். மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. மஞ்சள். இல்லையென்று சொன்னால் சிவப்பாகும், சிவப்பானால் அந்தப் பிஞ்சு வெடிக்கும் என்று ஒரு கணத்தில் ஓடியது அவளுக்கு.

"பதம் சரிதான், மதினி" என்றாள்.

இறக்கினார்கள். கடலையைக் கொட்டினார்கள். அன்றைக்கு ஊற்றிய ஏழு பாகுக்கும் அவள் அதையே சொன்னாள்.

மூன்றாம் நாள் எட்டயபுரத்திலிருந்து வேன் வந்து நின்றது. நானூறு பெட்டியும் திரும்பி வந்திருந்தது. மிட்டாயெல்லாம் வேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டிக்கு ஒரு கட்டியாகக் கிடந்தது. கொண்டுவந்த ஆள் கோபப்படக்கூட இல்லை. "ஒங்க கடைலயா இப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஆவுடையம்மாள் ஒரு பெட்டியைத் திறந்து, கட்டியைக் கையில் எடுத்து, அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்தது. கனியம்மா மெல்லப் பின்கட்டுக்கு நழுவினாள்.

"ஏட்டி, இதுக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

செண்பகம் தரையைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்கேன். டங்கா, தொப்பா?"

"தொப்பு."

"பின்ன ஏன் சரின்னு சொன்ன?"

செண்பகம் கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினாள். அப்போதும் மஞ்சள்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் பொத்தென்று மணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள், மிகவும் சின்னக் குரலில். "எனக்கு மூள போயிருச்சுன்னு நெனச்சேன். ஆவணி மாசத்துலருந்து நான் ஒங்களயெல்லாம் சோதிச்சுக்கிட்டு வாறேன். வியாழக்கிழமைய செவ்வாக்கிழமன்னு சொன்னேன். நீ ஆமான்ன. எங்க அய்யா பேர மாத்திச் சொன்னேன். அதுக்கும் ஆமான்ன. ஒங்க அண்ணன் கறுப்புன்னு சொன்னேன். அவர் எம்புட்டுச் செவப்பு! அதுக்கும் தலைய ஆட்டுன. ஒரு மனுசி தப்புன்னு சொல்லலட்டி. அப்ப எது சரி எது தப்புன்னு நான் எத வச்சுத் தெரிஞ்சுக்கிடுவேன்? ஒருவேள செவ்வாக்கிழமதானோன்னு எனக்கே ஆயிருச்சு. காலண்டர் முன்னால போய் நின்னு அழுதேன்."

செண்பகம் திறந்து கிடந்த பெட்டியை மூடி வைத்தாள்.

"ஒன் வாய நம்பித்தான் இருவது வருசம் அந்த அடுப்புல நின்னேன். நீ இல்லன்னா இல்ல, ஆமான்னா ஆமா. அத எடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"நான் ஏசி, ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா..." செண்பகம் உடைந்து அழுதாள். "எனக்கு யார் மதினி இருக்கா?"

ஆவுடையம்மாள் அவளை அழவிட்டாள். பிறகு எழுந்து வந்து, செண்பகத்தின் கையைப் பிடித்து, வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"என் தல, என் வலை. நானே பாத்துக்கிடுதேன். செவப்பு வந்தா ஒங்கிட்டச் சொல்லுதேன், நீ போன் பண்ணு. இப்ப ஏசு."

"என்னத்த ஏச?"

"பதத்துக்கு முந்தியே எறக்கிட்டேன்லா? ஏசு."

செண்பகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பயந்து பயந்து ஆரம்பித்தாள். "கை அவசரம் மதினி ஒங்களுக்கு." வாட்ச் பச்சை. "பத்து மாசம் சும்மா இருந்துட்டு, வந்த ஒடனே ராணி மாதிரி துடுப்பப் புடிச்சா?" பச்சை. ஆவுடையம்மாள் பதிலுக்கு ஆரம்பித்தாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் பழைய பாக்கி அத்தனையையும் ஏசித் தீர்த்தார்கள். கனியம்மா பின்கட்டிலிருந்து வந்து கத்தியை எடுத்தாள். வாட்ச் பச்சையிலிருந்து அசையவே இல்லை. நானூறு பெட்டியையும் புதிதாகப் போட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாளே அவர்களே கொண்டுபோய் இறக்கினார்கள்.

அன்றிலிருந்து வாட்ச் மதினி கையில்தான் இருந்தது. ஒரு தடவைகூட மஞ்சள் வரவில்லை. ஏச்சு ரத்தத்துக்கு நல்லது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

பங்குனியில் மதுரைக்கு வரச் சொன்னார்கள். மறுபடி குழாய் விட்டுப் படமெடுத்தார்கள். டாக்டர் ஜெசிந்தா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாவதில் பிஞ்சு இருந்தது. இரண்டாவதில் கொடி மட்டும் இருந்தது.

"அடைபட்டுருச்சு. ஸ்டென்ட் அதோட வேலையைச் சரியா செஞ்சிருக்கு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம்."

செண்பகம் கும்பிட்டாள். ஆவுடையம்மாள், "பிஞ்சு விழுந்துட்டு" என்றாள் திருப்தியாக.

டாக்டர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். அதில் ஒரு வருஷத்துக் கோடு ஏறி இறங்கி ஓடியது. அவர் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"செண்பகம், உங்ககிட்டத்தான் ஒண்ணு கேக்கணும். பத்து மாசம் இந்தக் கோடு எப்படித் துள்ளுது பாருங்க. கடைசி ரெண்டு மாசம் மட்டும் குளம் மாதிரி நிக்குது. நீங்க என்ன மருந்து எடுத்தீங்க?"

"நானா? எனக்கு எதுக்கு மருந்து? அது மதினி தலையில உள்ளதுல்லா?"

டாக்டர் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு பதினெட்டுப் பக்கத்தை எடுத்துப் பதினாலாம் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"ஆராய்ச்சில பாதி குடும்பத்துக்கு வாட்ச் ஸ்டென்ட்டைக் கேக்கும். மீதிப் பாதிக்குக் கேக்காது. கட்டியிருக்கவங்க நாடியைத்தான் கேக்கும். யாருக்கு எதுன்னு முடியிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும். உண்மையிலேயே வாட்ச் காப்பாத்துதா, இல்ல கூட இருக்கவங்க பயந்து பயந்து பாத்துக்கிறதுதான் காப்பாத்துதான்னு பிரிச்சுப் பாக்க வேற வழியில்ல. நீங்க ரெண்டாவது பாதி." அவர் குரல் தணிந்தது. "ஒரு வருஷமா துடிச்சது உங்க நாடிதான், செண்பகம்."

மொட்டைமாடிப் படி, மத்தியானத் தூக்கம், அந்த ஏழு பாகு எல்லாம் வரிசையாகச் செண்பகத்தின் கண் முன்னால் வந்து நின்றன. மதினி தலையில் ஏறிய அழுத்தம் ஒன்றுகூட இல்லை.

"அப்ப இம்புட்டு நாளும் எங்கள ஏமாத்துனியளா?"

"எழுதியிருந்துச்சு. ஆனா எழுதியிருந்ததுன்னு சொல்றது போதாதுன்னு இப்பத் தோணுது. நாங்க உங்களுக்குப் படிச்சுச் சொல்லியிருக்கணும்."

"சரி, ரெண்டு பாதிலயும் என்ன ஆச்சு?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"வித்தியாசமே இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் அடைபட்டுருக்கு. வேலை செஞ்சது ஸ்டென்ட்டும் மாத்திரையும்தான். வாட்ச்சால ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கடைசி ரெண்டு மாசம் மட்டும் எனக்குப் புரியல."

"அது என் கையில கெடந்துச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, மாத்திக் கட்டக்கூடாதுன்னு ஒன்பதாம் பக்கத்துல..."

"அந்தப் பக்கத்தயும் நாங்க படிக்கல. அஞ்சு மணி பஸ்ஸு."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் செண்பகத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆவுடையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துள்ளுகிற கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கீழே தேதி போட்டிருந்தது.

"இவ்வளவும் நீயா?" என்றாள்.

பிறகு டாக்டரிடம், "இவளுக்கு பிரஷர் பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். நூற்றி எழுபது இருந்தது. ஆவுடையம்மாளின் மாத்திரை குறைந்த அன்றைக்குச் செண்பகத்துக்கு மாத்திரை ஆரம்பித்தது. வாட்ச்சை ஆஸ்பத்திரியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் ஆவுடையம்மாள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தாள். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் பிடித்திருப்பது போல.

மறுநாள் காலை பட்டறையில் அடுப்பு மூட்டினார்கள். மதினி கிண்டினாள். செண்பகம் தட்டோடு நின்றாள். அவளுக்கு அந்தக் கோடே கண்ணுக்குள் ஓடியது. சொட்டு எடுக்கப் பிந்திவிட்டாள். எடுத்துப் போட்டபோது டங் என்று கேட்க வேண்டியது, கண்ணாடி உடைந்த மாதிரி சிலீர் என்று கேட்டது. பாகு முற்றிவிட்டது. லேசாகக் கருகல் வாடையும் வந்தது.

கனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடையம்மாளின் மூக்கு விடைத்தது. வாயைத் திறந்தாள். பிறகு செண்பகத்தின் கையைப் பார்த்தாள், பத்து மாதம் வாட்ச் கிடந்த இடத்தில் இன்னும் லேசாக வெளுத்திருந்த தோலைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

"பரவாயில்லட்டி" என்றாள் மெதுவாக. "பதம் சரிதான்."

செண்பகம் தட்டைக் கீழே வைத்தாள்.

"மதினி."

"என்ன?"

"இன்னொரு தடவ அதச் சொன்னியன்னா, நான் டிரங்குப் பெட்டியத் தூக்கிருவேன்."

ஆவுடையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். துடுப்பைக் கொப்பரையில் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, நிதானமாக மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். செண்பகத்தின் காதில் தொடங்கி, கண்ணுக்குப் போய், அவள் அண்ணன் வழியாக அவர்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கு ஏறியது ஏச்சு. சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று கனியம்மா மின்விசிறியை நிறுத்தினாள்.

செண்பகம் இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

நாடி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.